எஞ்சினுக்குள் வெள்ளம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

கடலில் ஓடும் எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். அதே எஞ்சினுக்குத் தண்ணீர் ஆகவும் ஆகாது. போக வேண்டிய வழியில் போனால் அது எஞ்சினைக் காப்பாற்றும். ஒரு நூல் அளவு வழி மாறினால் எஞ்சினையே தின்று விடும். சென்ற ஜூன் மாதம் எங்கள் வீட்டு எஞ்சினில் இந்த வழி மாறிய தண்ணீரைத் தேடிக்கொண்டு நாங்கள் மூன்று வாரம் அலைந்த கதையைத்தான் இந்த ஆண்டு மலருக்கு எழுதுகிறேன்.

அன்புத் தோழியரே, நம் வகுப்பில் பாதிப்பேர் கடற்கரைப் பிள்ளைகள், பாதிப்பேர் உள்நாட்டுப் பிள்ளைகள். கடற்கரைத் தோழியருக்கு நான் சொல்வதில் பாதி தெரிந்திருக்கும், அவர்கள் பொறுத்துக்கொள்க. உள்நாட்டுத் தோழியருக்கு முதலிலேயே ஒன்று சொல்லி விடுகிறேன். எங்கள் கரையில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். குடிக்கிற வெள்ளம், குளிக்கிற வெள்ளம், கடல் வெள்ளம். ஆகவே 'எஞ்சினுக்குள் வெள்ளம்' என்றவுடன் ஆறு பெருகி ஊர் மூழ்கியதாக எண்ண வேண்டாம். எங்களுக்கு அது ஒரு கைப்பிடித் தண்ணீர்தான். ஆனால் அந்தக் கைப்பிடியே போதும்.

எங்கள் ஊர் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையே இருக்கிறது. என் தாத்தா காலத்தில் கட்டுமரம்; பாயும் துடுப்பும்தான் துணை. 1980களின் தொடக்கத்தில்தான் வள்ளத்தின் பின்பக்கத்தில் மாட்டும் எஞ்சின்கள் எங்கள் கரைக்கு வந்தன. உலகத்துக்கு அவை அதற்கும் பழையவை. நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909இல் இத்தகைய எஞ்சினைச் செய்து விற்கத் தொடங்கினார். வெயில் நாளில் ஏரியின் மறுகரையிலிருந்து தம் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கித் துடுப்புப் போட்டு வந்தாராம். வந்து சேர்வதற்குள் அது உருகிப் போயிற்றாம். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் இந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. எங்கள் கரையில் ஐஸ் உருகினால் காதல் கெடாது, மீன்தான் கெடும். நல்ல எஞ்சின் வேண்டியதற்குக் காரணம் அதுவே.

எங்களுடையது 9.9 குதிரைத்திறன் உள்ள இரண்டு சிலிண்டர் எஞ்சின். என்னைவிட வயதில் மூத்தது. அப்பா வாங்கும்போதே அது இரண்டாம் கை. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்த வேண்டும். காரில் இருப்பது போல இதற்கு ரேடியேட்டர் கிடையாது. கீழே, விசிறிக்கு மேலே, தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும் பகுதியில் சல்லடை போன்ற சிறு துளைகள் உண்டு. அதற்கு உட்புறம் ரப்பரால் ஆன ஒரு சிறு சக்கரம் சுழன்று கடல் தண்ணீரை உறிஞ்சி, ஒரு குழாய் வழியாக மேலே அனுப்பும். அத்தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றியும், புகை போகும் பாதையைச் சுற்றியும் ஓடிச் சூட்டை எடுத்துக்கொண்டு, புகையோடு சேர்ந்து கீழே இறங்கிக் கடலுக்கே போய்விடும். போகிற வழியில் ஒரு பங்கு மட்டும் பக்கத்திலுள்ள சிறு துவாரம் வழியாகப் பீச்சியடிக்கும். "பாய்ச்சல் இருக்கா?" என்று அந்தத் துவாரத்தைத்தான் அப்பா முதலில் பார்ப்பார். வைத்தியர் நாடி பிடிப்பது போல.

மே மாதக் கடைசியில் பாய்ச்சல் மெலிந்தது. அப்பா ரப்பர் சக்கரத்தை மாற்றினார். பாய்ச்சல் கொஞ்சம் தேறியது. ஆனால் மூடியைக் கழற்றினால் உள்ளே ஈரம். எஞ்சினின் ஒரு பக்கம் முழுவதும் சுண்ணாம்பு வழிந்தது போல வெள்ளைக் கோடுகள். அதோடு கீழ்ச் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தது. மேல்ச் சிலிண்டரின் பிளக்கோ வழக்கம் போலக் கறுத்திருந்தது. இதற்கெல்லாம் மேலாக, கீழே பல்சக்கரப் பெட்டியின் திருகைத் திறந்தபோது எண்ணெய் வரவில்லை. பால் சாயா வந்தது. நிறமும் அப்படியே, பதமும் அப்படியே. "ஒரு கிளாசுல ஊத்திக் குடுத்தா குடிச்சிருவான்" என்று சித்தப்பா சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

நேரம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. எங்களைப் போன்ற சிறு வள்ளக்காரர்களுக்கு அந்த இரண்டு மாதங்கள்தான் நாலு காசு பார்க்கும் காலம். கடல் சீற்றமாய் இருந்தாலும், அமரும் நாட்களில் நெத்திலியும் சாளையும் கணவாயும் நல்ல விலைக்குப் போகும். அந்தக் காலத்தில் எங்கள் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பிறர் வள்ளத்தில் பங்குக்குப் போனார்கள். வள்ளத்துக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு என்று கழிந்தபின் ஆளுக்குக் கிடைப்பது எவ்வளவு என்பது அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

டவுனில் ஒரு கடையில் காட்டினார்கள். அவர்கள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தலைப்பகுதி முழுக்கப் போச்சு, புதுசு மாத்தணும்" என்றார்கள். கேட்ட தொகை, அந்த எஞ்சினை அப்பா வாங்கிய விலையில் பாதிக்கும் மேல். கடன் கிடைக்காமல் இல்லை. ஆனால் கடன் கொடுப்பவரிடமே மீனை ஏலத்துக்கு விட வேண்டும். அவர் வைத்ததுதான் விலை. தாத்தா அப்படி ஒரு கடனில் பதினோரு வருஷம் கிடந்தார் என்று பாட்டி சொல்வாள். அம்மாவிடம் இருந்த ஒரே சங்கிலி அண்ணன் வெளிநாடு போனபோதே அடகுக்குப் போய்விட்டது. பழைய இரும்புக்காரர் ஒருவர் இரண்டு முறை வீட்டுப் பக்கம் வந்து, எஞ்சினைப் பார்த்தும் பார்க்காதது போல் நின்றுவிட்டுப் போனார்.

இந்த நிலையில்தான் அம்மாவின் ஊரிலிருந்து மெக்கானிக் மாமா வந்தார். அவர் எனக்குத் தூரத்து உறவு. கொச்சித் துறைமுகத்தில் இருபது வருஷம் எஞ்சின் பார்த்தவர். வந்தவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஒரு முக்காலியைப் போட்டு எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வெள்ளைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க சொட்டுதுன்னு பாக்காத மக்களே. எங்கேருந்து வருதுன்னு பாரு," என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சொட்டுகிற இடம் கீழே. ஆனால் உப்புக் கோட்டை விரலால் மேலே மேலே தொடர்ந்தால், அது புகைப்பாதை மூடியின் மேல் விளிம்பில் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே போய் முடிந்தது. தண்ணீர் காய்ந்து போனாலும் உப்பு போவதில்லை. வந்த வழியை எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறது. பிறகு இரண்டு பிளக்குகளையும் கழற்றி, அந்தத் துளைகளில் அழுத்தமானியை வைத்துக் கயிற்றை இழுத்தார். இரண்டு சிலிண்டரிலும் முள் ஏறத்தாழ ஒரே அளவுக்கு ஏறியது. "தலையில கோளாறு இருந்தா இப்படி ஒத்து வராது. மச்சான், இத யாரு தூக்கிப் போடச் சொன்னது?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை, பீடியை அணைத்தார். அவர் பாதியில் பீடியை அணைத்து நான் பார்த்ததில்லை.

வேலை ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். எங்கள் கரையில் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்ததும் வேப்ப மரத்து நிழலில் ஒரு மர முட்டின்மேல் எஞ்சினை நிறுத்தினார்கள். பாட்டிக்கு இரண்டு குறை. ஒன்று, கடன் திருநாளில் வேலை செய்வது. அதற்கு அப்பா, "ஓய்வு நாளில கிணத்துல விழுந்த மாட்டத் தூக்கலாம்னு சாமியார் பிரசங்கத்துல சொன்னாரே, நம்ம மாடு இதுதான்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். இரண்டாவது குறை நான். "பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கிரீசும் எண்ணெயும்? நாளைக்கு எவன் வீட்டுல எஞ்சின் கழத்தப் போறா?" என்றாள். எங்கள் கரையில் பெண்பிள்ளைகள் எஞ்சினில் கை வைக்கும் வழக்கம் இல்லைதான். ஆனால் அண்ணன் ஊரில் இல்லை. சித்தப்பாவுக்குக் கண் பார்வை குறைவு. சிறு திருகுகளை எடுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும். மாமாவே முடிவு செய்தார்: "பிள்ள நிக்கட்டும் ஆச்சி. எழுதத் தெரிஞ்ச ஆளு வேணும் எனக்கு."

எழுதுவது என்றால் இதுதான். புகைப்பாதை மூடியில் ஒரு டசனுக்கு மேல் போல்ட்டுகள். பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்கும். ஆனால் சில நீளம், சில குட்டை. குட்டை போல்ட்டின் இடத்தில் நீளத்தைப் போட்டால் அடியில் முட்டி, மூடி இறுகாது. ஆகவே ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அந்த மூடியின் உருவத்தை அதில் வரைந்தேன். எந்த போல்ட் எந்தத் துளையில் இருந்ததோ, அட்டையில் அதே இடத்தில் குத்தி வைத்தேன். தையல் வகுப்பில் ஊசிகளைப் பஞ்சு மெத்தையில் குத்தி வைப்போமே, அது போல. மாமா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். மறு வாரம் இன்னொரு வீட்டு எஞ்சினுக்கும் அதே போல் அட்டை கேட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

போல்ட்டுகளைக் கழற்றுவது என்று ஒரு வரியில் எழுதி விட்டேன். அதற்கு இரண்டு ஞாயிறு ஆயிற்று. எஞ்சினின் உடம்பு அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டும் உப்புத் தண்ணீரில் பல வருஷம் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தால் பிரிக்க முடியாது. பலமாகத் திருகினால் போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும். உடம்பு உள்ளே தங்கிவிடும். மாமாவுக்கு அவசரமே கிடையாது. முந்தின நாள் மாலையே எல்லா போல்ட்டின் கழுத்திலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு வைத்தார். மறுநாள் ஒவ்வொரு தலையிலும் சுத்தியலால் லேசாகத் தட்டினார். பிறகு ஊது விளக்கால் போல்ட்டை விட்டுச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினார். சூட்டில் அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும், பிடி தளரும். இதை நாம் ஒன்பதாம் வகுப்பில் படித்தோம். ஆனால் வேப்ப மரத்தடியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டபோதுதான் எனக்கு அது விளங்கியது. அந்தச் சத்தம் வந்ததும் அவர் கழற்றுகிற பக்கம் திருப்ப மாட்டார். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்புவார். அப்புறம் கழற்றுகிற பக்கம் கால் சுற்று. மறுபடி இறுக்கு. மறுபடி கழற்று. ஒரு போல்ட்டுக்கு அரைமணி நேரம் ஆகும். பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா பொறுக்காமல் எழுந்து போய்விட்டார்.

அப்படியும் இரண்டு உடைந்தன. அவற்றின் நடுவில் சரியாகப் புள்ளி குத்தி, நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துத் துளையிட்டு எடுத்தார்கள். ஒன்றில் அலுமினியத்தின் மரையே பொடிந்து போயிருந்தது. அதற்குள் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி வைத்து அதையே புது மரையாக்கினார்கள். பேனா ஸ்பிரிங் போன்ற அந்தச் சிறு சுருள் பழைய மரையைவிடப் பலமானதாம்.

மூடி கழன்றது. அதன் உட்புறம் ஒரு தகடு. புகை ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம். இரண்டையும் பிரிப்பது அந்தத் தகடுதான். அதன்மேல் யாரோ எப்போதோ பசை பூசியிருந்தார்கள். அப்பா வாங்குவதற்கு முன்பே நடந்த வைத்தியமாக இருக்க வேண்டும். மாமா அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெயில் கழுவி, வானத்துக்கு நேரே பிடித்தார்.

"இங்க வா மக்களே. என்ன தெரியுது?"

கறுத்த தகட்டில் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. குண்டூசித் தலை அளவு. பக்கத்திலேயே இன்னும் சிறியதாய் ஒன்று.

எங்கள் வீட்டைக் கடனில் தள்ளப் பார்த்தது அந்த இரண்டு பொட்டுகள்தாம். அவற்றின் வழியாகத் தண்ணீர் புகைப்பாதைக்குள் கசிந்து, அங்கிருந்து கீழ்ச் சிலிண்டரை எட்டி, பிளக்கைக் கழுவிக்கொண்டிருந்தது. வெளியே வழிந்த வெள்ளைக் கோடு வேறு. அது மூடியின் கேஸ்கெட் அரித்துப் போனதால் வந்தது. சிலிண்டரின் சுவர் இன்னும் கெட்டுப் போகவில்லை. புகைத் துவாரத்தின் வழியாக விளக்கடித்துப் பார்த்தபோது லேசான துருநிழல் மட்டும் இருந்தது. "இன்னும் ரெண்டு மாசம் ஓடியிருந்தா, டவுன்காரன் சொன்னது சரியாப் போயிருக்கும்" என்றார் மாமா. அந்தக் கடைக்காரர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் மூடியைத் திறந்து பார்த்தாரே தவிர, அந்தத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. புதுத் தகடும் கேஸ்கெட்டுகளும் சேர்ந்து வந்த விலை, நல்ல நாளில் ஒரு கூடை நெத்திலி போகும் விலை.

தகட்டில் ஏன் ஓட்டை விழுந்தது என்று நம் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டேன். சிஸ்டர் அன்று பாடத்தையே நிறுத்திவிட்டு, உலோக அரிமானத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார்கள். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புக் கரைசலில் கிடந்தால் அது ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுகிறது. அதில் எளிதில் வினைபுரியும் உலோகம் கரைகிறது. எஃகோடு சேர்ந்தால் கரைவது அலுமினியம். அதைக் காப்பாற்றத்தான் எஞ்சின்களில் துத்தநாகக் கட்டி ஒன்றை மாட்டுகிறார்கள். துத்தநாகம் முதலில் கரைந்து மற்றதைக் காக்கும். மாலையில் போய் எங்கள் எஞ்சினில் அந்தக் கட்டியைத் தேடினேன். மாட்ட வேண்டிய இடம் இருந்தது, போல்ட்டும் இருந்தது, கட்டி மட்டும் கரைந்து ஒரு தேய்ந்த சோப்புத் துண்டாகத் தொங்கியது. அதன்மேல் பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள். பெயின்ட் அடித்தால் துத்தநாகம் தண்ணீரைத் தொடாது. தொடாவிட்டால் வேலை செய்யாது. இதை வகுப்பில் சொன்னபோது சிஸ்டர் சிரித்து, அடுத்த தேர்வில் கேள்வியாகவே கேட்டுவிட்டார்கள். அதற்காக என்னைக் கோபித்துக்கொண்ட தோழியர் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

மூடும் வேலை திறக்கும் வேலையைவிட எளிது, ஆனால் நுணுக்கமானது. மூடியின் முகம் கொஞ்சம் வளைந்திருந்தது. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் நனைத்த எமரித் தாளை விரித்து, அதில் மூடியைக் கவிழ்த்து எட்டு என்ற எண்ணை எழுதுவது போலத் தேய்க்கச் சொன்னார் மாமா. இது என் வேலை. முதலில் மேடான இடங்கள் மட்டும் பளபளத்தன. ஒரு மணி நேரத்தில் முகம் முழுதும் ஒரே வெள்ளியாக வந்தது. அதன்மேல் புதுக் கேஸ்கெட். போல்ட்டுகளின் மரையில் எல்லாம் கிரீஸ். அடுத்த முறை கழற்றுபவர் நம்மைச் சபிக்கக் கூடாதே. இறுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. ஓரத்திலிருந்து வரிசையாக இறுக்கிக்கொண்டு போனால் நடுவில் கேஸ்கெட் உப்பும். நடுவில் தொடங்கி, இப்பக்கம் ஒன்று அப்பக்கம் ஒன்றாக ஓரத்துக்குப் போக வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் அல்ல, மூன்று சுற்றாக. அட்டையில் நான் வரிசை எண்களை எழுதிக்கொண்டு சத்தமாக வாசித்தேன். அப்பா இறுக்கினார். ஜெபமாலை சொல்லி மறுமொழி சொல்வது போலவே இருந்தது என்று அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள்.

இனிப் பால் சாயா. கீழேயுள்ள பல்சக்கரப் பெட்டி எண்ணெய் நிறைந்தது. அதற்குள் கடல் தண்ணீர் போகக் கூடாது. போனால் பற்கள் எண்ணெயும் தண்ணீரும் கடைந்து ஒன்றாக்கிவிடும். சிஸ்டர் அதற்குப் பால்மம் என்று பெயர் சொன்னார்கள். அது எண்ணெயைப் போல வழுக்காது. தாங்கிகள் துருப்பிடித்துப் பற்கள் தேய்ந்து போகும். விசிறியைக் கழற்றியதுமே காரணம் தெரிந்தது. அச்சைச் சுற்றித் தங்கூசி! கடலில் மிதந்த அறுந்த வலையின் நரம்பு எப்போதோ விசிறியில் சிக்கி, அச்சில் சுற்றி, இறுகி, உள்ளே போய் ரப்பர் சீலை அறுத்திருந்தது. எங்கள் பிழைப்பே தங்கூசி வலையில்தான். அதே நரம்புதான் எங்கள் எஞ்சினையும் அறுத்தது. யாருடைய வலை என்று யார் கண்டது? எங்களுடையதாகவும் இருக்கலாம்.

அங்கே இரண்டு சீல்கள் அடுத்தடுத்து இருக்கும். புதிதாக இரண்டு வாங்கியாயிற்று. ஆனால் பழைய சீல் வருஷக் கணக்கில் தேய்த்ததில் அச்சிலேயே வளையல் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. புதுச் சீலின் உதடும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் மறுபடி வரும். புது அச்சு வாங்கப் பணம் இல்லை. மாமா யோசித்து, புதுச் சீலை ஒரு நூல் அளவு முன்னால் தள்ளி உட்கார வைத்தார். உதடு இப்போது பள்ளத்தைத் தொடவில்லை. வழவழப்பான இடத்தைத் தொட்டது. நான் அந்த மூன்று வாரத்தில் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பிறகு சோதனை. எண்ணெய்த் திருகு ஒன்றின் இடத்தில் குழாயை மாட்டி, சைக்கிள் பம்பால் ஏறத்தாழ 10 பவுண்டு காற்றை ஏற்றி, பெட்டியைத் துணி துவைக்கும் தொட்டியில் முக்கினார்கள். கசிவு இருந்தால் குமிழி வரும். ஊரிலுள்ள சின்னப் பிள்ளைகள் எல்லாம் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். அச்சின் பக்கம் குமிழி இல்லை. அடித்திருகின் பக்கம் ஒன்று, வெகுநேரம் கழித்து இன்னொன்று. திருகின் சிறு வாஷர் நைந்து போயிருந்தது; காசு மதிப்பே இல்லாத ஒரு வளையம். அதையும் மாற்றியபின் தொட்டித் தண்ணீர் கண்ணாடி போல நின்றது. எண்ணெயைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல் துளையில் எண்ணெய் எட்டிப் பார்க்கும்வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.

ஜூன் கடைசி ஞாயிறு மாலை, பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை இறக்கிக் கயிற்றை இழுத்தார்கள். மூன்றாம் இழுப்பில் கிளம்பியது. பாய்ச்சல் ஒரு விரல் கனத்துக்கு வந்தது. மாமா மூடியைச் சுற்றி வெள்ளைச் சாக்குக்கட்டியால் கோடு போட்டிருந்தார். ஈரம் பட்டால் கோடு கறுக்கும். பத்து நிமிஷம் ஓடியும் கோடு வெள்ளையாகவே இருந்தது. சூடு ஆறியபின் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி ஒரு முறை பார்த்து இறுக்கினார்.

மறுநாள் விடிவதற்கு முன் அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது நான் சின்னவள். எங்கள் தெருவில் அன்று போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. அதிலிருந்து வள்ளம் நேரத்துக்கு வராவிட்டால் பாட்டி பேச மாட்டாள். மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து விடுவாள். அன்று நானும் பள்ளிக்குக் கிளம்பாமல் கரையில் நின்றேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கள் வள்ளத்தைச் சொல்லி விடலாம் என்று அம்மா எப்போதும் சொல்வாள். அன்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. பழைய இருமல் இல்லை. ஒரே சீரான சத்தம். வள்ளம் கண்ணில் பட்டபின்தான் நம்பினாள். அரைக்கூடை சாளைதான் இருந்தது. பாட்டி எழுந்து போய் அடுப்பை மூட்டினாள். நான் மூன்றாம் பாடவேளைக்கு வந்து சேர்ந்து, தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டைப் படித்த மதர் என்னைக் கூப்பிட்டு, "பாய்ச்சல் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். இந்தக் கட்டுரை அங்கேதான் தொடங்கியது.

மாமா ஊருக்குப் போகும்போது ஒரே ஒரு கட்டளை போட்டார். தினமும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விட வேண்டும்; உள்ளே தங்கும் உப்பு கழுவிப் போக வேண்டும். சொல்வது எளிது. எங்கள் தெருவில் குழாயில் நல்ல வெள்ளம் ஒன்றுவிட்டு ஒரு நாள் வரும். ஒரு பீப்பாய் என்றால் எத்தனை குடம்! அதைச் சுமப்பது அப்பா அல்ல, அம்மாவும் நானும். "குடிக்க வெள்ளமில்ல, எஞ்சினுக்குக் குளிப்பாட்டா?" என்று அம்மா இரண்டு நாள் வாதாடினாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு குடும்பத்தின் குடிதண்ணீரில் எஞ்சினுக்கு எவ்வளவு பங்கு என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. கடைசியில் வழி காட்டியது மழை. ஆனி, ஆடியில் எங்கள் கரையில் மழைக்குக் குறைவில்லை. கூரை ஓரத்தில் ஒரு தகரத்தை வளைத்து வைத்துப் பீப்பாயை அதன் கீழே நிறுத்தினோம். மழை இல்லாத நாட்களில் அதே தண்ணீரை மறுநாளும் வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் கொட்டிவிட வேண்டும். அந்தத் தீர்ப்பு இப்போது என் கையில்.

புதுத் துத்தநாகக் கட்டியும் மாட்டியிருக்கிறோம்; பெயின்ட் அடிக்கவில்லை. ஐந்து மாதத்தில் அதன் விளிம்புகள் கரைந்து வட்டமாகி விட்டன. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும் என்று காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய தகட்டை அப்பா எறியவில்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். காலையில் கிழக்கு வெயில் விழும்போது அந்த இரண்டு பொட்டுகளின் வழியாக எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் விழும். பாட்டி அதைப் பார்த்து நேரம் சொல்லப் பழகிவிட்டாள்.

போன ஞாயிறு நானும் அப்பாவும் பல்சக்கரப் பெட்டியின் அடித்திருகைத் திறந்து பார்த்தோம். ஸ்பேனரைப் பிடித்தது நான். பாட்டி திண்ணையில்தான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் தேன் நிறத்தில் இறங்கியது. அப்பா இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார். நானும் தேய்த்துப் பார்த்தேன். புது வாஷரைப் போட்டு மூடினோம்.